தொட்டிக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

கேள்வி: அம்மா, எனக்கு 39 வயது. மனைவி, 13 வயது மகள், 8 வயது மகன். 15 வருடமாகக் கணினி முன்னால் உட்கார்ந்தே பிழைப்பு ஓடுகிறது. மூன்று வருடமாக எனக்கு ஒரே யோசனை. கொஞ்சம் நிலம் வாங்கி, சின்ன வீடு கட்டி, வேண்டிய தானியம், காய்கறி, பால், முட்டை எல்லாவற்றையும் நாங்களே உண்டாக்கிக்கொண்டு வாழ வேண்டும். வேலை போய்விடுமோ என்ற பயம் இல்லாமல், யார் கையையும் எதிர்பார்க்காமல் இருக்க வேண்டும். குழந்தைகள் நஞ்சில்லாத உணவு சாப்பிட வேண்டும், மண்ணைத் தொட்டு வளர வேண்டும். இதற்காக நிறையப் படித்திருக்கிறேன், வீடியோக்கள் பார்த்திருக்கிறேன், வரைபடம்கூடப் போட்டு வைத்திருக்கிறேன். இரண்டு கறவை ஆடு, 20 கோழி, கால் ஏக்கர் காய்கறித் தோட்டம், மழைநீர்த் தொட்டி. இப்போதே மாடியில் 12 தொட்டிகளில் காய்கறிச் செடி இருக்கிறது. எனக்கு நேரமில்லாததால் மனைவிதான் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறாள். நன்றாகவே காய்க்கிறது, அதுவே எனக்கு நம்பிக்கை தருகிறது. அவளும் வேலைக்குப் போகிறாள். நிலத்துக்குப் போனால் அதை விட்டுவிடலாம். நான் முதல் இரண்டு வருடம் வேலையைத் தொடர்ந்துகொண்டு, சனி ஞாயிறு நிலத்துக்கு வந்துவிடுவேன். அவளுக்கு மறுப்பில்லை. எவ்வளவு நிலம் வாங்கலாம், எதிலிருந்து தொடங்கலாம் என்று சொல்லுங்கள்.

பதில்: தம்பி, நிலத்தின் அளவுக்குப் பிறகு வருகிறேன். உங்கள் கடிதத்தில் நான் நான்கைந்து தடவை திரும்பிப் போய்ப் படித்தது ஒரே ஒரு வரியைத்தான். ‘எனக்கு நேரமில்லாததால் மனைவிதான் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறாள்.’

12 தொட்டி. ஒரு தொட்டிக்கு ஒரு நிமிடம் என்றாலும் கால் மணி நேரம்கூட ஆகாத வேலை. மூன்று வருடம் நிலத்தைப் பற்றி யோசிக்கவும், படிக்கவும், வீடியோ பார்க்கவும், வரைபடம் போடவும் உங்களுக்கு நேரம் கிடைத்திருக்கிறது. அந்தக் கால் மணி நேரம் மட்டும் கிடைக்கவில்லை. உங்கள் மனைவியும் வேலைக்குப் போகிறார், வீட்டையும் பார்க்கிறார், இரண்டு பிள்ளைகளையும் பார்க்கிறார். அவருக்கு அந்தக் கால் மணி நேரம் எங்கிருந்து வந்தது? தூக்கத்திலிருந்து எடுத்தாரா, சாப்பிடும் நேரத்திலிருந்து எடுத்தாரா? இதை ஒருநாளாவது கேட்டிருக்கிறீர்களா? செடி காய்ப்பதைப் பார்த்து உங்களுக்கு நம்பிக்கை வருகிறது என்கிறீர்கள். உங்கள் மனைவிக்குப் பயிர் வளர்க்கத் தெரியும் என்பதற்குத்தான் அந்தக் காய் சாட்சி. உங்களுக்குத் தெரியுமா என்பது இன்னும் யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. நகரத்து வேலை வெறுத்துப் போய், மண்ணை நோக்கித் திரும்ப நினைப்பவர்கள். அந்த ஆசையில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உண்ணும் உணவு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்து வாழ வேண்டும் என்பது நல்ல ஆசை. ஆனால் முக்கால்வாசிக் கடிதங்களில் ‘நாங்கள்’ என்று எழுதியிருக்கும் இடத்திலெல்லாம் ஒரு பெண்ணின் பெயரைப் போட்டுப் படித்தால்தான் கணக்குச் சரியாக வருகிறது. உங்கள் கடிதமும் அப்படித்தான்.

ஆட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆடு குட்டி போட்டால்தான் பால். சினையாகி ஏறக்குறைய 150 நாள் காத்திருந்து, அது குட்டி ஈனும் இரவில் பக்கத்தில் ஆள் இருந்து, அப்புறம் காலையும் மாலையும் கறக்க வேண்டும். கறக்காமல் விட்டால் மடி கட்டும், மடிநோய் வரும். குட்டியைத் தாயோடு விட்டு ஒருவேளைக் கறவையைத் தவிர்க்கிறவர்கள் உண்டு. அதற்கும் குட்டியைப் பிரித்து அடைக்க, திரும்ப விட ஓர் ஆள் வேண்டும். சரி, வாரத்துக்கு 14 கறவை. சனி ஞாயிறு முழுக்க நீங்களே கறந்தாலும் உங்கள் பங்கு 4. மீதி 10 யாருடையது? உங்கள் வரைபடத்தில் ஆட்டுப் பட்டிக்கு இடம் இருக்கிறது. அந்த 10 கறவைக்கு விடிகாலையில் எழுந்து வருகிறவருக்கு இடம் இருக்கிறதா?

கோழியும் இதே கதைதான். பொழுது சாயும்போது அடைக்க வேண்டும், விடிந்ததும் திறக்க வேண்டும். ஒருநாள் மறந்தால் போதும். குஞ்சு வாங்கி விட்டால் முதல் முட்டைக்கு ஐந்து மாதம் ஆகும். இறகு உதிர்க்கும் காலத்திலும், பகல் குறுகும் காலத்திலும் முட்டை குறையும், சில வாரம் நின்றேபோகும். அதைவிட ஒரு பெரிய விஷயத்தை நீங்கள் யோசிக்கவில்லை. ஒரு முட்டைக்கோழி நாளுக்கு 110, 120 கிராம் தீனி தின்னும். 20 கோழிக்கு வருடத்துக்கு 800 கிலோவுக்கு மேல். உங்கள் வீட்டு நான்கு பேரும் நாளுக்கு ஆளுக்கு 2000 கலோரி என்று வைத்து, அத்தனையையும் தானியத்திலிருந்தே எடுத்தாலும் வருடத்துக்கு அதே 800 கிலோவைச் சுற்றித்தான் வரும். அந்தத் தீனியைக் கடையில் வாங்கப் போகிறீர்கள் என்றால் கடையை விட்டு விலகவில்லை. விளைவிக்கப் போகிறீர்கள் என்றால் இன்னொரு குடும்பத்துக்கான வயலை உழ வேண்டும். ஐந்தாறு கோழி போதும், தம்பி. அவை சமையலறைக் கழிவையும் புல்லையும் பூச்சியையும் தின்று தேவையில் ஒரு பங்கைத் தாங்களே பார்த்துக்கொள்ளும்.

அப்புறம் தண்ணீர். கால் ஏக்கர் என்பது சுமார் 1000 சதுர மீட்டர். பாதியை நடைபாதைக்கும் வரப்புக்கும் விட்டாலும் 500 சதுர மீட்டர் பாத்தி. கடும் வெயிலில் காய்கறிப் பாத்தி சதுர மீட்டருக்கு நாளுக்கு 5 லிட்டர் வரை கேட்கும். ஆக, 2500 லிட்டர். மழைநீர்த் தொட்டியை நம்புகிறீர்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 100 சதுர மீட்டர் கூரையில் 600 மில்லிமீட்டர் மழை பெய்து, ஒரு சொட்டு வீணாகாமல் பிடித்தாலும் 60,000 லிட்டர்தான். உங்கள் தோட்டம் அதை 24 நாளில் குடித்து முடித்துவிடும். 50 சதுர மீட்டரில் தொடங்குங்கள். அதற்கே 10 லிட்டர் பூவாளியில் நாளுக்கு 25 நடை. இலைதழை மூடாக்குப் போட்டு, சொட்டுநீர்க் குழாய் இழுத்தால் குறையும். ஆனால் மூடாக்கைப் பரப்பவும், அடைத்துக்கொண்ட குழாயைக் குத்திவிடவும் ஓர் ஆள் வேண்டும். மாடியில் 12 தொட்டிக்கு நடக்காத கால்கள், வெயிலில் 25 நடை நடக்கும் என்று எதை வைத்து நம்புகிறீர்கள்?

காய்கறித் தோட்டம் வயிற்றை நிரப்பும் என்றும் நினைக்காதீர்கள். தக்காளியில் 100 கிராமுக்கு 20 கலோரிகூட இல்லை. ஓர் ஆளின் ஒருநாள் தேவைக்கு 10 கிலோவுக்கு மேல் தின்ன வேண்டும். தோட்டம் சத்தைத் தரும், ருசியைத் தரும், மருந்தடிக்காத காய் சாப்பிடுகிறோம் என்ற நிம்மதியைத் தரும். பசியாற்றுவது தானியமும் கிழங்கும் பருப்பும்தான். அவற்றுக்கு நிலம் அதிகம் வேண்டும், அறுவடைக்கு ஆள் அதிகம் வேண்டும், காயவைக்க, புடைக்க, பூச்சி பிடிக்காமல் காக்க நாள் அதிகம் வேண்டும். இவையெல்லாம் யார் தலையில் விழும் என்பதை உங்கள் வீட்டு மாடியே சொல்லிவிட்டது.

என் அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன். உப்பைத் தவிர எதையும் விலைக்கு வாங்காத மனிதர் என்று பேரெடுத்தவர். எங்கள் வீட்டில் மாடு இருந்தது, கோழி இருந்தது, தோட்டம் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் அப்பா பெருமையோடு சுற்றிக் காட்டுவார். எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மா காய்ச்சலில் ஒன்பது நாள் படுத்துவிட்டார். இரண்டாம் நாளே பால் திரிந்தது. மூன்றாம் நாள் இரவு கோழிக்கூட்டை யாரும் அடைக்கவில்லை. காலையில் இறகுகள்தான் கிடந்தன. ஐந்தாம் நாள் அப்பா கடைக்குப் போய்ப் பை நிறைய வாங்கி வந்தார். அந்த வீட்டின் தற்சார்பு என்று எல்லோரும் புகழ்ந்தது, நாலு மணிக்கு எழுந்த என் அம்மாவின் உடம்பை. அப்பா நல்லவர்தான், எங்கள்மேல் உயிராக இருந்தவர்தான். ஆனால் அம்மா தேறிய பிறகும் அவர் ஒருநாளும் அந்தக் கூட்டைத் தானாகப் போய் அடைக்கவில்லை. அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

‘அவளுக்கு மறுப்பில்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். மறுப்பில்லை என்பதும் விருப்பம் என்பதும் ஒன்றா? உங்கள் ஆசையைப் பற்றி இவ்வளவு எழுத முடிந்த உங்களால், அவர் என்ன சொன்னார் என்று அவர் வாயால் வந்த ஒரு சொல்லைக்கூட எழுத முடியவில்லை. ஒன்று நீங்கள் கேட்கவில்லை. இல்லையென்றால் கேட்டது மனதில் நிற்கவில்லை. 13 வயது மகளைக் கேட்டீர்களா? தோழிகளையும் பள்ளியையும் விட்டுவிட்டு வரப்போகிறவள் அவள். மண்ணைத் தொட்டு வளர வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்துவிட்டால் போதாது.

வேலை போய்விடும் என்ற பயத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று உங்கள் வீட்டில் இரண்டு சம்பளம். ஒன்று நின்றாலும் மற்றது இருக்கிறது. உங்கள் திட்டப்படி அவர் வேலையை விட்டுவிட்டால் உங்கள் ஒரு சம்பளம்தான் மிஞ்சும், அதுவும் நீங்கள் எது போய்விடுமோ என்று பயப்படுகிறீர்களோ அதே வேலை. பயத்தைக் குறைக்க வேண்டுமென்று புறப்பட்டு அதை இரண்டு மடங்காக்கிக்கொள்கிறீர்கள். உங்களுக்குத்தான் கணினி வேலை வெறுத்திருக்கிறது, உங்களுக்குத்தான் நிலம் கனவாக இருக்கிறது. அப்படியானால் வேலையை விட வேண்டியவர் நீங்கள்தானே? அவர் சம்பாதிக்கட்டும், நீங்கள் விடிகாலையில் பால் கறங்கள். இதைப் படிக்கும்போது மனதில் ஏதாவது சுருக்கென்று தைத்தால், அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள்.

சம்பளத்தைக் கொண்டுவந்து கொடுத்ததோடு வீட்டுக்கான கடமை முடிந்தது என்று நினைக்கும் கணவனோடு நான் எந்தக் காலத்திலும் ஒத்துப்போனதில்லை. நகர வீட்டில் அந்த நினைப்போடு ஓட்டிவிடலாம், கடை இருக்கிறது, ஆள் கிடைக்கிறது. நிலத்தில் வீடே தொழில், தொழிலே வீடு. அங்கே ஒருவர் கை விட்டால் இன்னொருவர் முதுகு ஒடியும். இன்னொன்றும் உண்டு: ‘யார் கையையும் எதிர்பார்க்காமல்’ என்கிறீர்களே, கறவை வைத்திருக்கும் வீட்டில் கணவனும் மனைவியும் சேர்ந்து ஓர் இரவு வெளியூர் போக வேண்டுமென்றால் பக்கத்து நிலத்துக்காரர் கை வேண்டும். அவர் வீட்டுக்கு நீங்கள் அப்படிப் போய் நின்றிருந்தால்தான் அவர் வந்து நிற்பார்.

நிலத்தின் அளவைக் கேட்டீர்கள். இப்போதைக்கு ஒரு சென்ட்கூட வாங்காதீர்கள். நாளைக் காலையிலிருந்து அந்த 12 தொட்டியும் உங்களுடையவை. 120 நாள், ஏறக்குறைய ஒரு காய்கறிப் பருவம். தண்ணீர், உரம், பூச்சி, பறிப்பது, பறித்ததை அன்றைக்கே சமைப்பது வரை நீங்கள். உங்கள் மனைவி ஒருமுறைகூட நினைவுபடுத்தக் கூடாது. வெளியூர் போனால் மாற்று ஏற்பாடு உங்கள் பொறுப்பு, அதுவும் அவர் தலையில் கட்டாமல். சமையலறைக் கழிவை மட்கவையுங்கள், காய்ந்த சருகையும் ஈரக் கழிவையும் கலந்து கிளறிவிடுங்கள், நாற்றமடித்தால் சருகைக் கூட்டுங்கள். ஒரு செடியிலாவது காயை முற்றவிட்டு விதை எடுங்கள். அது கலப்பின விதையில் வந்த செடியாக இருந்தால் அடுத்த தலைமுறை தாயைப் போல் வராது. நாட்டு விதையில் தொடங்குங்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாளும் எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதுங்கள். நடுவில் ஒரு வாரம் விடுப்பெடுத்து, ஆடு வளர்க்கும் ஒருவர் வீட்டில் தங்கி 14 கறவையும் நீங்களே கறந்து பாருங்கள். சனி ஞாயிறு மட்டும் போய் வந்தால் கணக்கில் சேராது.

அது முடிந்த பிறகு மனைவியோடு உட்காருங்கள். உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், வெள்ளைத் தாளை வையுங்கள். அவருக்கு நிலத்தில் வாழப் பிடிக்குமா, பிடித்தால் எந்த வேலையைச் செய்ய மனம் வரும், எதைத் தொடவே மாட்டார் என்று கேளுங்கள். அவர் தன் வேலையை விட விரும்பவில்லை என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவர் விரும்பினால், வாங்கும் நிலத்தின் பத்திரத்தில் அவர் பெயரும் இருக்க வேண்டும். உடம்பைப் போடுகிறவருக்கு உரிமை இல்லாத நிலத்தை வாங்கச் சொல்லி என்னால் யோசனை தர முடியாது.

120 நாள் கழித்து எனக்கு மறுபடி எழுதுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கம் வைத்தால் போதும். கூடவே உங்கள் மனைவி கைப்பட எழுதிய கடிதமும் வேண்டும், அதை நீங்கள் படிக்காமல் ஒட்டி அனுப்புங்கள்.