டாக்டர் நோயாளியிடம் நின்று பேசினால் சிகிச்சையில் உண்மையிலேயே வித்தியாசம் வருமா?

நீங்கள் கேட்டிருப்பது இது: நோயாளி சொல்வதை டாக்டர் காதுகொடுத்துக் கேட்பது வெறும் மனத்திருப்திக்கா, நோய் கட்டுப்படுவதிலும் அதற்குப் பங்கு உண்டா?

பங்கு உண்டு. நிறையவே உண்டு. மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையில், சர்க்கரை நோய்ப் பிரிவில் நர்ஸாக இருக்கிறேன். இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதுதான் என் முக்கிய வேலை. எல்லா நோய்க்கும் சேர்த்து என்னால் பேச முடியாது. சர்க்கரை நோயைப் பற்றி உறுதியாகச் சொல்லலாம். இதில் டாக்டர் சில மாதங்களுக்கு ஒரு முறை, சில நிமிடம்தான் நோயாளியைப் பார்க்கிறார். மற்ற நாளெல்லாம் ஊசி போடுவது, எப்போது என்ன சாப்பிடுவது என்று முடிவு செய்வது, தலைசுற்றினால் சமாளிப்பது, எல்லாமே நோயாளிதான். அவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் எழுதுகிற மருந்து பல நேரம் வேலை செய்யாது. நான் பார்த்த இரண்டு பேரைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓர் அம்மா. ஒவ்வொரு முறை வரும்போதும் சர்க்கரை கூடியிருக்கும், டோஸையும் கூட்டிக்கொண்டே போனார்கள். "ஊசி ஒழுங்கா போடுறீங்களாம்மா?" என்று கேட்டால் "போடுறேன் சிஸ்டர்" என்பார். பொய் இல்லை, போட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் "வீட்டில் போடுற மாதிரியே என் முன்னால போட்டுக் காட்டுங்கம்மா" என்றேன். மஞ்சப்பையிலிருந்து மருந்து பாட்டிலையும் சிரிஞ்சையும் எடுத்தார். பாட்டில் நம் ஊரில் வழக்கமாகக் கிடைக்கும் 40 யூனிட் வகை, அதாவது ஒரு மில்லியில் 40 யூனிட் இன்சுலின் இருப்பது. அதற்குச் சிவப்பு மூடி போட்ட சிரிஞ்ச்தான் பொருத்தம். அவர் கையில் இருந்ததோ ஆரஞ்சு மூடி, அதாவது ஒரு மில்லியில் 100 யூனிட் இருக்கும் மருந்துக்கான சிரிஞ்ச். அதில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 8 யூனிட் மட்டுமே. சிவப்பு மூடி தீர்ந்துபோனதால் கடையில் "இதுவும் இன்சுலின் சிரிஞ்ச்தான்மா" என்று கொடுத்திருக்கிறார்கள். அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

இதில் இன்னொரு ஆபத்தும் இருந்தது. டோஸை அப்படியே ஏற்றிக்கொண்டே போயிருந்து, ஒரு நாள் கடையில் சரியான சிரிஞ்ச் கிடைத்திருந்தால், அன்றைக்கே சர்க்கரை கிடுகிடுவென இறங்கி மயங்கி விழுந்திருப்பார். "போடுறீங்களா" என்று கேட்பதற்கும் "போட்டுக் காட்டுங்க" என்று சொல்வதற்கும் உள்ள தூரம் இவ்வளவு. அன்றிலிருந்து யார் வந்தாலும் முதலில் போட்டுக் காட்டத்தான் சொல்கிறேன். வயிற்றில் ஊசி போடுகிற இடத்தையும் தடவிப் பார்ப்பேன். ஒரே இடத்தில் போட்டுப் போட்டு உள்ளே கட்டி தட்டியிருந்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது.

இன்னொருவர் இரவுக் காவல் வேலை பார்ப்பவர். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுகிற கலவை இன்சுலின் எழுதியிருந்தார்கள். அவருடைய ஃபைலில் "மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை" என்று குறிப்பு இருந்தது. திட்டும் வாங்கியிருக்கிறார். புதிதாக வந்த டாக்டர் ஒருவர் ஃபைலை மூடி வைத்துவிட்டு, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டார். ஏழு மணிக்கு வீட்டில் ஊசி போட்டுக்கொண்டு கிளம்புவாராம். டிபன் பாக்ஸைத் திறப்பது பத்தரைக்கு மேல், இன்னொரு ஆள் வந்து கேட்டைப் பார்த்துக்கொண்ட பிறகு. ஊசி போட்டுச் சாப்பிடாததால் ஒன்பது மணிக்கே சர்க்கரை இறங்கி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டி, படபடப்பு வந்துவிடும். இரண்டு மூன்று முறை அப்படி ஆனதும் பயந்துபோய் ராத்திரி ஊசியை அவரே நிறுத்திவிட்டார். அந்த நிலைமையில் அவர் செய்தது நியாயம்தான் என்பேன். டாக்டர் அதைப் பேனா மாதிரி இருக்கும் இன்சுலின் பென்னாக மாற்றி, வேலை செய்கிற இடத்திலேயே சாப்பாட்டுக்கு முன்னால் போட்டுக்கொள்ளச் சொன்னார். பயன்பாட்டில் இருக்கும் பென்னை ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டியதில்லை, வெயில் படாமல் பார்த்துக்கொண்டால் சில வாரங்கள் தாங்கும் என்பதை நான் சொல்லிக் கொடுத்தேன். கோடையில் என்ன செய்வது என்று கேட்டார். தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள் ஒரு சின்ன டப்பாவில் வைக்கலாம். ஃப்ரிட்ஜ் இல்லாத எத்தனையோ வீடுகளில் இதுதான் வழி.

"இப்படி உட்கார்ந்து கேட்க டாக்டருக்கு எங்கே நேரம்?" என்பீர்கள். கூட்டம் உண்மைதான், ஓ.பி.யில் நிற்கிற எனக்கு அது தெரியும். 67 நாடுகளின் தகவல்களைத் திரட்டி 2017-ல் வந்த ஆய்வில், ஒரு நோயாளியைப் பார்க்க ஆகும் சராசரி நேரம் வங்கதேசத்தில் 48 விநாடி, இந்தியாவில் ஏறக்குறைய இரண்டு நிமிடம், ஸ்வீடனில் இருபத்திரண்டரை நிமிடம் என்று இருந்தது. ஆனால் வேறு இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பாருங்கள். அமெரிக்காவில் 1984-ல் வந்த ஆய்வில், நோயாளி பேசத் தொடங்கி சராசரியாக 18 விநாடியிலேயே டாக்டர் குறுக்கிட்டுவிடுகிறார். சுவிட்சர்லாந்தில் 2002-ல் வந்த ஆய்வில், குறுக்கிடாமல் விட்டபோது நோயாளிகள் சராசரியாக 92 விநாடியில் தாங்களாகவே சொல்லி முடித்துவிட்டார்கள். முக்கால்வாசிக்கும் மேற்பட்டவர்கள் இரண்டு நிமிடத்துக்குள் முடித்தார்கள். பேச விட்டால் நிறுத்தவே மாட்டார்கள் என்ற பயம் தேவையில்லாதது.

இருக்கிற இரண்டு நிமிடத்தில் என்ன கேட்கிறோம் என்பதும் முக்கியம். "ஒழுங்கா மருந்து சாப்பிடுறீங்களா?" என்றால் "சாப்பிடுறேன்" என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வராது. "இதில் உங்களுக்கு எது கஷ்டமா இருக்கு?" என்று கேட்டால் கூலி போவது, மகன் மருந்து வாங்கித் தராதது, ஊசி என்றால் கடைசிக் கட்டம் என்று பக்கத்து வீட்டில் சொன்னது என எல்லாம் வெளியே வரும். திட்டு வாங்கிய நோயாளி அடுத்த முறை டெஸ்டுக்கு முந்தின மூன்று நாள் மட்டும் பத்தியம் இருந்துவிட்டு வருவார். வெறும் வயிற்றுச் சர்க்கரை நன்றாக இருக்கும், மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைச் சொல்லும் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும். அவரை ஏமாற்றுக்காரர் என்று டாக்டர் நினைப்பார், இவர் டாக்டருக்குப் பயப்படுவார். அதோடு அந்த உறவு கெட்டது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு வலிக்கும்.

மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்காகத்தான் தமிழக அரசு 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து வீட்டுக்கே வருகிறது. வீட்டுக்குப் போகும் பெண் தன்னார்வலர் அடுப்படியையும், மிச்சமிருக்கும் மாத்திரை அட்டையையும் கண்ணால் பார்க்கிறார். ஓ.பி. அறையில் எங்களுக்குக் கிடைக்காத தகவல் அது.

நம் பக்கம் இன்னொரு பழக்கமும் உண்டு. டாக்டர் கேள்வி கேட்பார், கூட வந்த மகனோ கணவனோ பதில் சொல்வார், நோயாளி சும்மா உட்கார்ந்திருப்பார். சுயநினைவும் விவரமும் உள்ள நோயாளியின் சம்மதத்தை வேறு யாரும் அவர் சார்பில் கொடுக்க முடியாது. மயக்க மருந்து கொடுத்திருந்த ஒரு பெண்ணின் தாயிடம் சம்மதம் வாங்கி, அந்தப் பெண்ணின் கருப்பையை எடுத்த வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அவசரமில்லாத அறுவைக்கு அவர் விழிக்கும்வரை காத்திருந்து அவரிடமே கேட்டிருக்க வேண்டும்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? மருந்துச் சீட்டோடு நிற்காமல் பாட்டில், சிரிஞ்ச், மிச்ச மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முக்கியமான சந்தேகத்தைக் கடைசியில், எழுந்திருக்கும்போது கேட்காதீர்கள், உட்கார்ந்ததும் கேளுங்கள். டாக்டர் சொன்னதை "அப்போ நான் இப்படிச் செய்யணும், சரிதானே டாக்டர்?" என்று உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். விட்டுப்போன டோஸை மறைக்காதீர்கள், ஏன் விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அதற்கும் எரிந்து விழுபவராக இருந்தால் வேறு டாக்டரைப் பார்ப்பதில் தவறே இல்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்துக் கேட்பதும் ஓர் உரிமைதான். போகும்போது பழைய ரிப்போர்ட்டுகளின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்ட 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவ கவுன்சிலின் 2002 விதியிலேயே இருக்கிறது.