அப்பாவின் சாப்பாடு: கிளிநொச்சித் தங்கச்சிக்கு

தங்கச்சி, உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஒப்பரேசனுக்குப் பிறகு அப்பா நாலு வாயோடு தட்டைத் தள்ளுகிறார், தேத்தண்ணி குடித்தால் வியர்த்துப் படபடக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். என் அம்மாவுக்கும் அப்படித்தான் இருந்தது. பெரும்பாலும் இரைப்பையைக் குழாய் போலாக்கி மேலே இழுத்துத் தைப்பார்கள், அதனால் பழைய அளவு கொள்ளாது. படபடப்புக்குச் சீனி காரணமாக இருக்கலாம். இனிப்பு சட்டென்று குடலில் இறங்கினால் அப்படி வரும். சீனியைக் குறைத்துப் பாருங்கள், வைத்தியரிடமும் சொல்லுங்கள்.

ஒரு நாளைக்கு ஆறேழு தடவை, சின்னக் கிண்ணத்தில் கொடுங்கள். தண்ணீர் அரை மணி தள்ளி. நாங்கள் இடியப்பத்தைச் சொதியில் ஊறவிட்டு, முள்ளெடுத்த மீனை மசித்துக் கொடுத்தோம். ஒரு இடியப்பத்துக்கு அம்மா அரை மணி எடுப்பார், அவசரப்படுத்தவே இல்லை. சாப்பிட்டவுடன் படுக்க விடாதீர்கள்.

விழுங்கும்போது சிக்கினால் அடுத்த கிளினிக் வரை காத்திருக்க வேண்டாம். தைத்த இடம் சுருங்கியிருந்தால் விரித்துவிட முடியும்.