விளையாட்டு வீரர்களையும் பாடிபில்டர்களையும் ஜெயிக்க வைக்கும் அந்த வெறி எங்கிருந்து வருகிறது? எனக்கு மட்டும் ஏன் அது மூன்று வாரத்துக்கு மேல் தாங்குவதில்லை?

முதலில் அந்த வெறியைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிடுவோம். நூறு மீட்டர் இறுதிச் சுற்றில் எட்டுப் பேர் கோட்டில் குனிந்து நிற்கிறார்கள் என்றால், எட்டாவதாக வரப்போகிறவருக்கும் வெறி இருக்கிறது. இல்லாவிட்டால் அவர் அந்தக் கோட்டுக்கே வந்திருக்க மாட்டார். எல்லோரிடமும் இருக்கிற ஒன்றைக் காட்டி ஒருவர் ஏன் ஜெயித்தார் என்று சொல்ல முடியாது, ஆனால் ஊக்கப் பேச்சாளர்கள் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்.

நான் பல வருடங்களாக எடை தூக்குகிறேன். மேடை ஏறுகிறவர்களோடு சேர்ந்து பயிற்சி செய்திருக்கிறேன், நான் ஏறியதில்லை. பார்த்ததையும் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன்: ஒருவரை ஜிம்முக்குள் தள்ளிவிடுகிற காரணம் வேறு, அவரைப் பத்து வருடம் அங்கேயே வைத்திருக்கிற காரணம் வேறு. முதலாவது கதையாகச் சொல்ல நன்றாக இருக்கும், அதனால் பேட்டிகளில் எல்லாம் அதுதான் வரும். உங்கள் மூன்று வாரப் பிரச்சினை இரண்டாவதில் இருக்கிறது.

உள்ளே தள்ளுவது பெரும்பாலும் ஏதோ ஒரு அடிதான். ஒல்லியாக இருந்ததால் கேலி, குண்டாக இருந்ததால் கேலி, அணியில் எடுக்கவில்லை, காதலித்த பெண் திரும்பிப் பார்க்கவில்லை, வீட்டில் ஒரு சாவு. மைக்கேல் ஜோர்டன் 2009 இல் கூடைப்பந்து ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது பேசிய பேச்சைப் பாருங்கள். ஆறு முறை சாம்பியன், வயது 46, இனி யாருக்கும் நிரூபிக்க ஒன்றுமில்லை; ஆனாலும் பள்ளிக்கூடத்தில் தன்னை சீனியர் அணியில் எடுக்காததில் ஆரம்பித்து தன்னைச் சீண்டியவர்களை வரிசையாக நினைவுபடுத்திக்கொண்டே போகிறார். அந்த மேடையில் அது கொஞ்சம் சங்கடமாகவே இருந்தது, ஆனால் மனிதர் எப்படி ஓடினார் என்பது அதில் தெரிந்துவிட்டது.

பிரிட்டனில் சில ஆண்டுகளுக்கு முன்னால் இதை ஆய்வாகவே செய்தார்கள். பெரிய போட்டிகளில் தங்கம் உட்படப் பல பதக்கங்கள் வாங்கிய 16 பேர், அதே தரத்தில் ஆடியும் பதக்கம் வாங்காத 16 பேர், இரு தரப்பையும் உட்காரவைத்து விரிவாகப் பேட்டி எடுத்தார்கள். முதல் தரப்பில் இளம் வயதிலேயே ஒரு பெரிய இழப்போ அடியோ இருந்தது, அதே காலகட்டத்தில் விளையாட்டில் ஒரு நல்லதும் நடந்திருந்தது: ஒரு நல்ல பயிற்சியாளர் கிடைத்தார், அல்லது ஒரு வெற்றி வந்தது. இரண்டாம் தரப்பில் இந்தச் சேர்க்கை இவ்வளவு தெளிவாக இல்லை. மொத்தமே 32 பேர் என்பதை மறந்துவிடாதீர்கள், அப்புறம் அடிபட்டு அப்படியே முடங்கிப்போனவர்கள் இந்தக் கணக்கில் வரவே மாட்டார்கள். அதனால் 'கஷ்டப்பட்டால்தான் சாம்பியன்' என்று பிள்ளைகளைப் படுத்துகிறவர்கள் இதைக் காரணம் காட்ட வேண்டாம்.

இந்த நிரூபிக்கும் ஆசையில் ஒரு கோளாறு இருக்கிறது. அது எப்போதும் அடுத்தவனைப் பார்த்தே இயங்கும். விளையாட்டு உளவியலில் இதை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள்: அடுத்தவனை விட மேலே இருந்தால்தான் திருப்தி என்பது ஒன்று, நேற்று எனக்கு வராத ஒன்று இன்று வந்தால் திருப்தி என்பது இன்னொன்று. ஜான் நிக்கோல்ஸ் என்பவர் 1980களில் எழுதியதிலிருந்து வந்த பிரிவு இது. பெரிய வீரர்களிடம் இரண்டும் இருக்கும், முதலாவது அவர்களிடம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் முதலாவது மட்டுமே இருப்பவர், தன்னைவிடத் திறமையான ஒருவன் அதே ஜிம்மில் சேர்ந்த அன்றே ஆட்டம் காண ஆரம்பிப்பார்.

ஒப்பிடுவது மனதை என்ன செய்யும் என்பதற்கு 1995 இல் வெளிவந்த ஒரு ஆய்வு நல்ல உதாரணம். 1992 பார்சிலோனா ஒலிம்பிக் வீடியோக்களில் பதக்கம் வாங்கியவர்களின் முகங்களைப் பார்த்து மதிப்பெண் போட்டார்கள். வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிடச் சந்தோஷமாகத் தெரிந்தார்கள். வெள்ளிக்காரருக்குத் தங்கம் கைநழுவிய கணக்கு. வெண்கலக்காரருக்கு நாலாவதாகப் போய்விடாமல் தப்பித்த கணக்கு.

சரி, பத்து வருடம் வைத்திருப்பது எது? உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971 இல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார். கையால் துண்டுகளைச் சேர்த்து உருவங்கள் செய்கிற ஒரு புதிர் விளையாட்டு. ஒரு தரப்புக்கு ஒரு கட்டத்தில் புதிருக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தார், பிறகு நிறுத்திவிட்டார். நடுவில் சும்மா இருக்கும் நேரத்தில் யார் தானாகவே புதிரை எடுத்து நோண்டுகிறார்கள் என்று கவனித்தார். பணம் வாங்கிப் பழகியவர்களுக்கு, பணம் நின்றபிறகு ஆர்வம் குறைந்துபோயிருந்தது. இதிலிருந்து அவரும் ரிச்சர்ட் ரயனும் வளர்த்தெடுத்த கோட்பாடு சொல்வது இவ்வளவுதான்: மனிதன் ஒரு விஷயத்தில் நீடிக்க மூன்று வேண்டும். இதை நான்தான் தேர்ந்தெடுத்தேன் என்ற எண்ணம், இதில் நான் தேறிக்கொண்டிருக்கிறேன் என்ற உணர்வு, கூட நாலு பேர் இருக்கிறார்கள் என்ற நிலை.

முதலாவதற்கு ஆந்த்ரே அகாஸியைப் பார்க்கலாம். எட்டு கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பட்டங்கள் வென்றவர், தனக்கு டென்னிஸே வெறுப்பு என்று 2009 இல் எழுதினார். அப்பா திணித்த ஆட்டம், சிறு வயதில் பந்து எறியும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி அடிக்கவைத்தது. 1997 இல் தரவரிசையில் 141 வரை இறங்கினார். அப்புறம் சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடி மேலே வந்து 1999 இல் மறுபடி முதலிடம். ஆட்டம் அதேதான், திறமையும் அதேதான். இந்தத் தடவை அதைத் தேர்ந்தெடுத்தது தான்தான் என்கிறார். வெறுப்பிலும் ஒருவர் உச்சத்துக்குப் போகலாம் என்பதற்கும் அவரே சாட்சி, அதையும் மறைக்க வேண்டியதில்லை.

இரண்டாவதுதான், தேறுகிறேன் என்ற உணர்வு, உங்கள் கேள்விக்கு நேரடியான பதில். ஓட்டக்காரருக்கு ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. பாடிபில்டருக்குக் கண்ணாடிதான், கண்ணாடியோ ஆள் எந்த மனநிலையில் நிற்கிறாரோ அப்படிக் காட்டும். எடைப்பயிற்சி ஆரம்பித்த முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும், ஆனால் அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் இருக்கிற தசையைச் சரியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வளர மாதங்கள் ஆகும். ஆக மூன்றாவது வாரம் கண்ணாடி முன்னால் சட்டையைக் கழற்றி நிற்கிறவருக்கு ஒன்றுமே தெரியாது. புதுசு என்ற குதூகலம் தீர்ந்திருக்கும், உடம்பு வலி மட்டும் மிச்சம். நீங்கள் சோர்ந்துபோனதில் ஆச்சரியமே இல்லை.

நான் பார்த்தவரை நீடிக்கிறவர்கள் கையில் ஒரு நோட்டு இருக்கும். வியர்வையில் ஓரம் சுருண்டு, மேக்னீஷியப் பொடி ஒட்டி, பார்க்கவே சகிக்காது. உள்ளே 'ஸ்குவாட் 80 கிலோ: 5, 5, 4' என்று இருக்கும், அதாவது 80 கிலோவைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுந்த மூன்று சுற்றுகள் (செட்), ஒவ்வொன்றிலும் எத்தனை தடவை (ரெப்) என்ற கணக்கு. அந்த மூன்றாவது செட்டில் விட்டுப்போன ஒரு ரெப்புக்காக அடுத்த வாரம் வருவார். அன்று அந்த ஐந்தாவது ரெப்பில் முழங்கால் லேசாக நடுங்கி, பாதி உயரத்தில் பார் ஒரு கணம் நின்று, அப்புறம் மெல்ல மேலே வரும். ரேக்கில் போட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் நோட்டில் 5 என்று எழுதுவார். அந்த முகத்தில் தெரிவதைத்தான் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977 இல் எழுதினார்: 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கைக்கு ஆக வலுவான ஊற்று தானே ஒன்றைச் செய்து முடித்த அனுபவம், பிறர் சொல்லும் பாராட்டெல்லாம் அதற்கு அப்புறம்தான். பாடிபில்டிங்கின் மிகப் பெரிய பட்டமான மிஸ்டர் ஒலிம்பியாவை ஆறு முறை வென்ற டோரியன் யேட்ஸும் பயிற்சியை எழுதிவைப்பதில் பேர்போனவர்.

அவமானத்தை வேலையாக மாற்றுவது என்றால் அர்னால்ட் ஷ்வார்ஸ்நெகர் கதை ஒன்று உண்டு, அவரே சொன்னது. கெண்டைக்கால் தசை தன்னிடம் பலவீனம் என்று தெரிந்ததும், பயிற்சிப் பேண்ட்டை முழங்காலுக்குக் கீழே வெட்டிவிட்டு, எல்லோரும் பார்க்கும்படி ஜிம்முக்குப் போனார். மற்றவர்கள் மார்பையும் கையையும் காட்டி மீதியை மறைக்கிற இடம் அது. மறைத்தால் அது வெட்கமாகவே இருந்திருக்கும், வெட்டிக் காட்டியதால் தினமும் செய்தாக வேண்டிய பயிற்சியாகிவிட்டது.

மூன்றாவதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சைக்கிள் ஓட்டுகிறவர்கள் தனியாக ஓட்டுவதைவிடக் கூட ஆள் இருக்கும்போது வேகமாக ஓட்டுகிறார்கள் என்று நார்மன் டிரிப்ளெட் 1898 லேயே எழுதிவிட்டார். நீங்கள் வராவிட்டால் போன் பண்ணித் திட்டுகிற ஒரு ஆள் போதும்.

இனி இதன் இருண்ட பக்கம், இதைச் சொல்லாமல் பாடிபில்டிங் பற்றிப் பேசுவது நேர்மையில்லை. கண்ணாடிதான் அளவுகோல் என்றால் எல்லைக்கோடு நகர்ந்துகொண்டே போகும். எங்கள் ஜிம்மில் இருந்ததிலேயே பெரிய உடம்புக்காரர் வெயில் காலத்திலும் முழுக்கை ஹூடியைக் கழற்ற மாட்டார். கூச்சம், தான் சின்னதாகத் தெரிகிறோம் என்று. நாங்கள் முதலில் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தோம். மனநல மருத்துவர் ஹாரிசன் போப்பும் கூட்டாளிகளும் 1993 இல் இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதினார்கள், 1997 இல் அதற்குத் தசை டிஸ்மார்ஃபியா என்று பெயர் வைத்தார்கள், 2013 இல் வந்த அமெரிக்க மனநோய் வகைப்பாட்டிலும் அது இடம்பெற்றது. சாப்பாடு, வேலை, உறவு எல்லாம் பயிற்சிக்குப் பின்னால்தான், ஒரு நாள் தவறினால் பதற்றம். வெளியே இருந்து பார்த்தால் இதற்கும் 'ஒழுக்கம்' என்று நாம் கைதட்டுவதற்கும் வித்தியாசமே தெரியாது, அதுதான் சிக்கல்.

போட்டிக்கு முந்தின கடைசி வாரங்களைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கன்னம் ஒட்டி, தூக்கம் கெட்டு, படி ஏறவே மூச்சு வாங்கி, யாராவது ஏதாவது கேட்டால் எரிந்து விழுவார்கள். மேடையில் நிற்பது சில நிமிடம். அடுத்த சில நாட்களில் உடம்பில் நீர் ஏறி, தசைகளுக்கு நடுவே தெரிந்த அந்த வெட்டுக்கோடுகளெல்லாம் மங்க ஆரம்பிக்கும், இத்தனை மாதம் எதற்காக எழுந்தோமோ அது இனி இல்லை. மைக்கேல் ஃபெல்ப்ஸ் 28 ஒலிம்பிக் பதக்கம் வாங்கியவர், ஒவ்வொரு ஒலிம்பிக் முடிந்ததும் மன அழுத்தத்தில் விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். வேறு அடையாளமே வைத்துக்கொள்ளாதவருக்கு ஜெயித்த மறுநாள்தான் ஆபத்து.

இன்னொரு பக்கம் மிகைப்படுத்தலும் நடக்கிறது. 'ஐந்து வருடம் எல்லாப் போட்டியிலும் ஜெயிக்கலாம், அதன்பின் சாவு, இந்த மருந்தைச் சாப்பிடுவாயா' என்று கேட்டால் பாதி வீரர்கள் சரி என்பார்கள் என்ற புள்ளிவிவரம் இணையம் முழுக்கச் சுற்றுகிறது. பாப் கோல்ட்மேன் என்ற அமெரிக்க மருத்துவர் 1980களில் வீரர்களிடம் கேட்டதிலிருந்து வந்தது. 2013 இல் வெளியான ஆய்வில் 212 தடகள வீரர்களிடம் அதையே கேட்டபோது ஒத்துக்கொண்டது இரண்டு பேர். வீரர்கள் எல்லோரும் பைத்தியங்கள் என்ற கதை நமக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான்.

ரோனி கோல்மன் விஷயத்தில் மட்டும் எனக்கு இன்னும் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. போலீஸ் வேலை பார்த்துக்கொண்டே பட்டம் வென்றவர், 1998 முதல் 2005 வரை எட்டு முறை மிஸ்டர் ஒலிம்பியா, முதுகிலும் இடுப்பிலும் பல அறுவை சிகிச்சைகள், நடக்கவே சிரமம், ஆனாலும் ஜிம்முக்குப் போகிறார். வருத்தமில்லை என்கிறார். அதை நம்புகிறேன், அதே சமயம் அந்த வீடியோக்களைப் பார்க்கவும் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். ஊக்க வீடியோ பார்ப்பதை நிறுத்துங்கள், உண்மையாகவே சொல்கிறேன். 2002 இல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் மாணவர்களை மூன்று தரப்பாகப் பிரித்தார்கள். ஒன்றும் சொல்லாமல் விட்டவர்களில் 38 சதவீதம் பேர் அந்த வாரம் உடற்பயிற்சி செய்தார்கள். உடற்பயிற்சி செய்யாவிட்டால் இதய நோய் வரும் என்று படிக்கக் கொடுத்து ஊக்கப்படுத்தியவர்களில் 35. அதே ஊக்கத்தோடு எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதவும் வைத்தவர்களில் 91. ஆகவே 'வாரம் நாலு நாள் போவேன்' என்று எழுதாதீர்கள். 'செவ்வாய் மாலை ஆறரை, வேலை முடிந்து வீட்டுக்கு வராமல் நேரே' என்று எழுதுங்கள்.

நாள் முழுக்க மூளையைக் கசக்கிவிட்டுப் போகும்போது எடை கனமாகத் தெரிந்தால் உங்களைச் சோம்பேறி என்று திட்டிக்கொள்ளாதீர்கள். சாமுவேல் மார்கோரா குழு 2009 இல் செய்த சோதனையில், 90 நிமிடம் மூளைக்குக் கடினமான வேலை கொடுத்தபின் சைக்கிள் மிதிக்கச் சொன்னால் ஆட்கள் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். இதயமும் நுரையீரலும் வழக்கம்போலவே வேலை செய்தன, கஷ்டம் மட்டும் கூடுதலாகத் தெரிந்தது. முடிந்தால் காலையில் போய்ப் பாருங்கள்.

பயிற்சியையும் நீங்களே தேர்ந்தெடுங்கள். யாரோ ஒரு சாம்பியனின் அட்டவணையை அப்படியே இறக்கிச் செய்கிறீர்கள் என்றால் அது அவர் தேர்வு. பார்பெல் ஸ்குவாட் பிடிக்கவில்லையா, இயந்திரத்தில் காலால் எடையைத் தள்ளும் லெக் பிரஸ் செய்யுங்கள், ஒன்றும் குடி முழுகிவிடாது. கண்ணாடியை மாதம் ஒரு தடவை போட்டோ எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற நாட்களில் நோட்டைப் பாருங்கள். நாலாவது வாரம் போக மனசே இல்லை என்றால் எடையைக் குறைத்துப் பாதி செட் மட்டும் செய்துவிட்டு வாருங்கள், அதையும் நோட்டில் எழுதிவிடுங்கள். ஆறு மாதம் கழித்து எவ்வளவு வளர்ந்தாலும் போதவில்லை, சட்டையைக் கழற்றவே பிடிக்கவில்லை என்ற நிலை வந்தால், அதற்கு இன்னொரு பயிற்சித் திட்டம் தேடாமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள்.