ஆறிய செய்தி

அன்புள்ள ஐயா,

மதுரையில் ஒரு நாளிதழில் துணையாசிரியராக இருக்கிறேன். வயது 44. பத்தொன்பது வருஷமாக, வரும் செய்திகளைத் திருத்திப் பக்கத்தில் சேர்க்கும் டெஸ்க் வேலைதான். நாவல் எழுத வேண்டும் என்பது கல்லூரிக் காலத்து ஆசை. ஆனால் செய்தி எழுதி எழுதி என் மொழி செத்துவிட்டது. ஜெர்மன் எழுத்தாளர் தியோடர் ஃபொன்டானே பத்திரிகையாளராக இருந்து, 58 வயதில்தான் முதல் நாவலை வெளியிட்டார் என்று ஒரு கூட்டத்தில் சொன்னீர்கள். பெரிய ஆறுதலாக இருந்தது. தேடிப் படித்தேன். அரசாங்கத்தின் பத்திரிகைப் பிரிவில் சம்பளம் வாங்கியவர், பெர்லினில் உட்கார்ந்துகொண்டு லண்டனிலிருந்து எழுதுவதுபோலச் செய்தி எழுதியவர் என்றும் தெரிந்தது. அப்படிப்பட்டவரை முன்னோடியாக நினைக்கலாமா? நான் வேலையை விட்டுவிடலாமா? அவருடைய எந்த நூலில் தொடங்குவது?

கே., மதுரை

அன்புள்ள கே,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ‘எஃபி ப்ரீஸ்ட்’டில் தொடங்குங்கள். ஆங்கிலத்தில் கிடைக்கிறது. போன மாதம்தான் அதை மூன்றாம் முறையாகப் படித்து முடித்தேன். அது மனசுக்குள் புரண்டுகொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. இல்லையென்றால், வேலையை விடலாமா என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை.

58 வயது ஆறுதலாக இருந்தது என்கிறீர்கள். அந்த ஆறுதலை உடனே கீழே போடுங்கள். கோபமாகத்தான் சொல்கிறேன். 58 வரை அந்த மனிதர் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார் என்றா நினைத்தீர்கள்? 1819-ல் நோய்ருப்பினில் மருந்துக்கடைக்காரரின் மகனாகப் பிறந்தார். அப்பா சூதாட்டக் கடனில் கடையை விற்றவர். மகனும் அதே தொழிலைக் கற்று, 1849-ல் அதை உதறினார். கவிதை அதற்கு முன்பே உண்டு. பிறகு லண்டனில் சில வருஷம் நிருபர் வேலை. ‘க்ராய்ட்ஸ் ஸைட்டுங்’ என்ற பழமைவாத நாளிதழில் பத்து வருஷம் டெஸ்க். ஜெர்மன் அரசான பிரஷ்யா நடத்திய மூன்று போர்களைப் பற்றியும் தடித்தடியான நூல்கள். பிராண்டன்பர்க் மண்ணை ஊர் ஊராகச் சுற்றி எழுதிய பயணநூல் வரிசை. 1870-ல் போர் நடந்த இடங்களைப் பார்க்கப் பிரான்சுக்குள் போனவர், ஜோன் ஆஃப் ஆர்க் பிறந்த டோம்ரெமியில் அவளுடைய சிலை வெண்கலம்தானா என்று கைத்தடியால் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றபோது, உளவாளி என்று பிடித்துக்கொண்டு போனார்கள். ஒலெரான் தீவில் சிறை. விடுதலையானதும் அதையும் எழுதினார். 1878-ல் முதல் நாவல் வந்தபோது அந்தக் கை முப்பது வருஷத்துக்கு மேல் ஓயாமல் உழைத்திருந்தது. நீங்கள் உங்களுக்கென்று கடைசியாக ஒரு பக்கம் எழுதியது எப்போது? கடிதத்தில் அதைக் காணோம்.

மொழி செத்துவிட்டதாம். உங்கள் கடிதத்தில் ஒரு வாக்கியம்கூடத் தடுமாறவில்லை. அது டெஸ்க் கொடுத்தது. கொடுத்த இடத்தைப் பழிக்காதீர்கள்.

அரசாங்கச் சம்பள விஷயத்தை விட்டுவிடலாம். 1851-ல் அந்த வேலையை ஒப்புக்கொண்ட அன்று நண்பர் லெப்பெலுக்கு அவரே எழுதிவிட்டார், மாதம் முப்பது வெள்ளிக்காசுக்கு இன்று என்னைப் பிற்போக்குக்கு விற்றுவிட்டேன் என்று. வீட்டில் மனைவி எமிலி, கைக்குழந்தை. முப்பது வெள்ளிக்காசுக்கு ஏசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் என்று தன்னைத் தானே சொல்லிக்கொண்டவர்மேல் நாம் தனியாக வழக்குப் போட வேண்டாம். முதுமையில் எழுதிய கடிதங்களில் யூதர்களைப் பற்றி அவர் சொன்ன சில வரிகள்தான் என்னை அதிகம் வருத்துபவை. நீங்கள் அதைக் கேட்கவில்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு படியுங்கள்.

லண்டன் செய்திகள் பொய்தான். 1861 ஜூனில் லண்டன் டூலி தெருவில் கிடங்குகள் பற்றி எரிந்தன. தீயணைப்புத் தலைவர் ஜேம்ஸ் ப்ரெய்ட்வுட் சுவர் இடிந்து செத்தார். ஃபொன்டானே பெர்லினில் மேசை முன்னால் இருந்தார். மற்ற பத்திரிகைகளில் வந்ததை வைத்துக்கொண்டு, இடிபாடுகளைத் தானே நேரில் போய்ப் பார்த்ததுபோல எழுதினார். லண்டனை விட்டு வந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. தெரு, புகை, கூட்டம் எல்லாம் நினைவில் இருந்தன. அப்படி எழுதுவது அன்றைக்கு அங்கே பத்திரிகை வழக்கம். தன் நினைவு நூலில் அவர் அதை மறைக்கவும் இல்லை. ஆனாலும் படித்தவனை ஏமாற்றிய காரியம். உங்கள் டெஸ்க்கில் யாராவது அப்படிச் செய்தால் நீங்கள் சும்மா விடக் கூடாது.

வேலையை விடுவது பற்றி. 1870-ல் ‘க்ராய்ட்ஸ் ஸைட்டுங்’கை விட்டார், அதே வருஷம் ‘ஃபாஸிஷே ஸைட்டுங்’கில் நாடக விமர்சகராகச் சேர்ந்தார். அரசு நாடக அரங்கில் 23-ஆம் எண் இருக்கை அவருடையது. 1889 வரை அதில் உட்கார்ந்தார். 1878-க்குப் பிறகு வந்த நாவல்கள் பாதி, இரவில் நாடகம் பார்த்துவிட்டு வந்து விமர்சனமும் எழுதிக்கொண்டிருந்தவர் எழுதியவை. ஒரேயொரு நல்ல உத்தியோகத்தைத்தான் அவர் தூக்கி எறிந்தார். 1876-ல் கலை அகாதமியின் செயலாளர் பதவி, சில மாதத்திலேயே. எமிலி அதை எளிதில் மன்னிக்கவில்லை. அடித்தும் திருத்தியும் அவர் எழுதிக் குவித்த கைப்பிரதிகளைச் சுத்தமாகப் படியெடுத்துக் கொடுத்ததும் அதே எமிலிதான். உங்கள் கடிதத்தில் வீட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வீட்டம்மாவிடம் கேட்டீர்களா? கேட்காமல் என்னிடம் கேட்பது என்ன நியாயம்?

இனி நான் யோசித்துக்கொண்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன்.

1879 டிசம்பர் 28-ஆம் தேதி இரவு ஸ்காட்லாந்தில் டே ஆற்றுப் பாலம் புயலில் உடைந்து ரயிலோடு விழுந்தது. 1880 ஜனவரி 10-ல் அதைப் பற்றிய ஃபொன்டானேயின் கதைப்பாடல் அச்சில் வந்துவிட்டது. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. கை அவ்வளவு வேகம். நான் வேலை பார்த்த டெஸ்க்கில் சீஃப் சப், அதாவது தலைமைத் துணையாசிரியர், ஒருவர் எப்போதும் சொல்வார், “ஆறின கஞ்சி பழங்கஞ்சிப்பா, சட்டுனு அனுப்பு.” செய்திக்காரனின் வேதம் அது. ஃபொன்டானேயும் அந்த வேதத்தில் வளர்ந்தவர். அப்படிப்பட்டவர் ‘எஃபி ப்ரீஸ்ட்’டில் என்ன செய்தார் என்று பாருங்கள்.

அதன் மூலக்கதை ஒரு நிஜச் செய்தி. ஆர்டென் என்ற ராணுவ அதிகாரி 1886 நவம்பரில் மனைவி எலிசபெத்தின் கடிதங்களைக் கண்டெடுத்தார். எமில் ஹார்ட்விச் என்ற நீதிபதியுடன் அவளுக்கு உறவு. கடிதங்கள் சுடச்சுட இருந்தன. இருவரும் தத்தம் மணவாழ்க்கையை முறித்துக்கொண்டு சேர்ந்து வாழத் திட்டமிட்டிருந்தார்கள். நவம்பர் 27-ல் பெர்லினில் துப்பாக்கிச் சண்டை. டிசம்பர் 1-ல் ஹார்ட்விச் செத்தார். இந்தக் கதையை ஃபொன்டானே ‘ஃபாஸிஷே’ உரிமையாளரின் மனைவி சொல்லக் கேட்டார். கேட்டதும் எழுதி இறக்கவில்லை. நடுவில் 1892-ல் கடும் நோய். இனி எழுதவே முடியாது என்று நாவலை மூடி வைத்தார். சின்ன வயசு நினைவுகளை எழுதிப் பாருங்கள் என்றார் வைத்தியர். எழுதினார், தேறினார், நாவலுக்குத் திரும்பினார். 1895-ல் புத்தகமாக வந்தது.

அவர் செய்த பெரிய மாற்றம் ஒன்றுதான். கடிதங்களை ஆறவிட்டார். நாவலில் பதினேழு வயது எஃபியை இன்ஸ்டெட்டன் என்ற அதிகாரிக்குக் கட்டிக்கொடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அவளுடைய அம்மாவை விரும்பியவர் அவர். கெஸ்ஸின் என்ற கடற்கரை ஊரில், ஆள் அரவமில்லாத வீட்டில், மாடியில் ஏதோ சரசரக்கும் சத்தத்துக்குப் பயந்துகொண்டு அவள் இருக்கிறாள். கிராம்பாஸ் என்ற மேஜருடன் தொடர்பு வருகிறது. அதை ஃபொன்டானே காட்டவே இல்லை. பனிச்சறுக்கு வண்டியில் அவன் அவள் பெயரை மெல்லச் சொல்கிறான். அதற்கப்புறம் அவள் உலாவப் போவதும் தாமதமாக வருவதும் மட்டும்தான் நமக்குத் தெரியும். பிறகு பெர்லினுக்குக் குடிபெயர்கிறார்கள். எல்லாம் முடிந்து ஆறு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஒருநாள் மகள் ஆனி விழுந்து நெற்றியைக் கிழித்துக்கொள்கிறாள். கட்டுப்போடத் துணி தேடித் தையல் மேசையின் இழுப்பறையை உடைக்கிறார்கள். சிவப்பு நூல் சுற்றிய ஒரு கட்டுக் கடிதம் இன்ஸ்டெட்டன் கையில் கிடைக்கிறது.

ஆறு வருஷம். அந்த ஆறு வருஷத்தைப் போட்டதும் கதையே வேறாகிவிட்டது. நண்பர் வ்யூலர்ஸ்டோர்ஃபிடம் இன்ஸ்டெட்டன் நீண்ட நேரம் பேசுகிறார். எனக்கு வெறுப்பு இல்லை, பழிவாங்கும் தாகம் இல்லை, மனைவியை இப்போதும் நேசிக்கிறேன் என்கிறார். ஆனால் உங்களிடம் சொல்லிவிட்டேனே, இனி இது என் ஒருவனுடைய ரகசியம் இல்லையே, அதனால் சுட்டே ஆக வேண்டும் என்கிறார். கௌரவம் என்று நாம் கும்பிடுவது வெறும் விக்கிரகம்தான், ஆனாலும் அது செல்லுபடியாகும் வரை பணிந்துதான் ஆக வேண்டும் என்கிறார் நண்பர். இந்தப் பேச்சுக்கு ஓர் அத்தியாயம் முழுக்க. துப்பாக்கிச் சண்டைக்குச் சில வரிகள். குண்டுகள் வெடித்தன, கிராம்பாஸ் விழுந்தான், அவ்வளவுதான். நீங்களும் நானும் அந்தச் சண்டையைத்தான் முதல் பக்கத்தில் நாலு பத்தி அகலத்தில் போட்டிருப்போம். அதைச் சில வரிகளில் தாண்டத் துணிச்சல் வேண்டும். வாழ்நாளெல்லாம் செய்தி எழுதியவருக்கு, செய்தியில் எது அடங்கும், எது அடங்காது என்று அங்குலம் அங்குலமாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் அடங்குகிற பகுதியைக் கைவிட அவருக்கு முடிந்தது. செய்தி உங்கள் மொழியைக் கொன்றது என்கிறீர்களே, உங்களுக்குத் தெரியும் அந்த எல்லை. கதைகளே எழுதி வளர்ந்த பலருக்கு அது தெரியாது.

எனக்கும் தெரியாமல்தான் இருந்தது. 1996 என்று நினைவு. ஒரு நாளிதழில் இரவு டெஸ்க். தாலுகா நிருபர் ஃபேக்ஸில் நாலு வரி அனுப்பியிருந்தார். திருமணமாகி ஒன்றரை வருஷமான பெண். “தீராத வயிற்றுவலியால் தற்கொலை. ஆர்.டி.ஓ. விசாரணை நடக்கிறது.” காவல் நிலையத்தில் எழுதிக்கொள்கிற அந்த வயிற்றுவலியை அப்படியே எழுதுவதுதான் எங்கள் வழக்கம். அது எதை மூடுகிற சொல் என்று டெஸ்க்கில் எல்லோருக்கும் தெரியும். சிங்கிள் காலத்தில், அதாவது ஒற்றைப் பத்தி அகலத்தில், போட்டுப் பக்கத்தை முடித்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பா அலுவலகத்துக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. சட்டைப் பையிலிருந்து அந்தத் துண்டுச் செய்தியை எடுத்தார். நாலாக மடித்து மடித்து மடிப்பில் எழுத்து அழிந்திருந்தது. வயிற்றுவலியைப் பற்றிக் கேட்கப் போகிறார் என்று நான் பதில் தேடிக்கொண்டு நின்றேன். அவர் விரலை வைத்துக் காட்டினார்.

“வயசு தப்பாப் போட்டிருக்கீங்க தம்பி. 23 இல்ல, 22. ஆவணி பொறந்தாத்தான் 23.”

இந்த மாதிரிச் செய்திக்கெல்லாம் திருத்தம் போடுவதில்லை என்று சொன்னேன். அது உண்மைதான், போடுவதில்லை. அவர் தலையாட்டினார். வரவேற்பறை பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

அந்த வாரமே அதைக் கதையாக எழுதினேன். கணவன் கொடியவன், மாமியார் கொடியவள், அப்பா எங்கள் அலுவலகத்தில் நின்று ஒரு பக்கத்துக்கு முழங்குகிறார். அச்சிலும் வந்தது. பாராட்டினார்கள். அந்தப் பாராட்டை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. 22 என்று மட்டும் சொன்ன மனிதரின் வாயில் என் கோபத்தைத் திணித்தேன். சூடாக இருந்தது, அதனால் எழுதினேன்.

எஃபிக்கும் ஓர் அப்பா இருக்கிறார். நாவல் தொடங்கும்போது திராட்சைக் கொடி படர்ந்த சன்னலில் தோழிகள் நின்று “எஃபி, வா” என்று கூப்பிடுகிறார்கள், விளையாட. அவள் அந்த நேரம் இன்ஸ்டெட்டன் முன் நிற்கிறாள். விவாகரத்துக்குப் பிறகு பெற்றவர்களும் ஊருக்குப் பயந்து அவளை வீட்டுக்குள் விடுவதில்லை. பெர்லினில் ஒரு சின்னக் குடியிருப்பில் நோயோடு கிடக்கிறாள். மகள் ஆனி ஒருமுறை பார்க்க வருகிறாள். என்ன கேட்டாலும், “கண்டிப்பாக, எனக்கு அனுமதி இருந்தால்” என்று சொல்லிக்கொடுத்த பதிலையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கடைசியில் கிழவர் ப்ரீஸ்ட் ஊரையும் மனைவியின் தயக்கத்தையும் ஒதுக்கிவிட்டு ஒரு தந்தி அடிக்கிறார். “எஃபி, வா.”

அவ்வளவுதான் தந்தி. மூன்று முறை படித்தும் அந்த இடத்தில் என்னால் மேலே போக முடியவில்லை. சன்னலில் கேட்ட அதே சொல். அதை இந்த வயசில், இந்த இடத்தில் வைக்கத் தெரிந்தவர், வருஷக்கணக்கில் டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி எழுதியவர்.

எலிசபெத் ஆர்டென் நாவலில் வருவதுபோல இளம் வயதில் சாகவில்லை. பிள்ளைகளைப் பறிகொடுத்து, நர்ஸாக வேலை பார்த்து, 1952-ல் 98 வயதில் இறந்தார். அதுவும் ஒரு நாவல்தான். யாராவது எழுதட்டும்.

நேரம் கிடைக்கும்போது படிக்கிறேன் என்று பதில் போடாதீர்கள். ராஜினாமா பற்றியும் எழுதாதீர்கள். இந்தப் பத்தொன்பது வருஷத்தில் பக்கத்தை முடித்துவிட்டு வீட்டுக்குப் போன பிறகும் உங்களைத் தூங்கவிடாத ஒரு சிங்கிள் காலம் இருந்திருக்கும். அது எந்தச் செய்தி, எந்த வருஷம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள். காத்திருக்கிறேன்.

அன்புடன்