லேசர் கூடக்கூடத் தடுக்கும் சாயம்: எப்படி?

பாளையங்கோட்டையில் இயற்பியல் படிக்கிற தம்பி, லேசரிலிருந்து கண்ணைக் காக்கக் கறுப்புக் கண்ணாடி போதாதா, சாயம் எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். கறுப்புக் கண்ணாடி எந்த ஒளியையும் ஒரே விகிதத்தில்தான் குறைக்கும். லேசரைத் தடுக்கிற அளவு கறுப்பாக்கினால் எதுவுமே தெரியாது. தாலோசயனின் என்கிற சாயம் (நீலப் பெயிண்டில் இருக்கிற அதே குடும்பம்) வேறு மாதிரி. சாதாரண வெளிச்சத்தில் 532 நானோமீட்டர் பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடும். தீவிரமான நானோவிநாடித் துடிப்பு வந்தால், மூலக்கூறுகள் கிளர்வுற்று, மைக்ரோவிநாடிக் கணக்கில் தங்கும் மும்மை நிலை (triplet) என்கிற கிளர்வு நிலைக்குப் போய், அங்கிருந்து அதே பச்சையை முன்பைவிட அதிகமாக உறிஞ்சும், நெல்லையப்பர் தேரோட்டத்தில் கூட்டம் கூடக்கூட ரதவீதியில் நகர முடியாமல் போவதுபோல.

அப்புறம் ஒன்று: விட்டுவிட்டு வராத, தொடர் லேசரை வைத்துச் சாயக் கரைசலில் இசட்-ஸ்கேன் (லேசர் குவியும் இடத்தின் வழியே மாதிரியை நகர்த்தி, தாண்டி வரும் ஒளியை அளக்கிற சோதனை) எடுத்தால், கிடைப்பது பெரும்பாலும் சூட்டினால் கரைசலே லென்ஸ் மாதிரி ஒளியை வளைக்கிற வெப்ப லென்ஸ் விளைவுதான். அதை மும்மை நிலையின் கணக்கில் எழுதிவிடாதீர்கள்.