யாருடைய வீட்டை விற்கப் போகிறீர்கள்?

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில், அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய இரண்டு அறை வீட்டில் அம்மா, நான், மனைவி, பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள், ஏழாம் வகுப்பு மகன் என ஐந்து பேர் இருக்கிறோம். இரவில் மகள் சமையலறையில் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படிக்கிறாள். எனக்கு ஓசூர் சிப்காட்டில் வேலை. இந்த வீட்டை விற்று, மீதிக்குக் கடன் வாங்கி ஓசூரில் ஒரு பழைய தனி வீடு வாங்கலாமா? உயில் எழுதாமலே அப்பா காலமாகிவிட்டார். பட்டா அவர் பெயரில்தான் இருக்கிறது. அக்கா பாலக்கோட்டில் இருக்கிறார்.

பதில்: விற்கலாமா என்று கேட்கிறீர்கள், அந்த வீடு உங்களுக்கு மட்டுமே உரியதல்ல. அப்பாவின் தாயார் அவருக்கு முன்பே காலமாகிவிட்டதாகக் கொண்டால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, அக்கா, நீங்கள் ஆகிய மூவருக்கும் அதில் சம பங்கு உண்டு. அக்காவுக்குக் கல்யாணத்தில் நகை போட்டதெல்லாம் இந்தக் கணக்கில் வராது (நம் பக்கத்தில் இதைச் சொல்லிக்காட்டாத உடன்பிறந்தான் அரிது என்பதால் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்). எனவே விற்ற பணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் கைக்கு வரும் என்று வைத்துக்கொண்டு ஓசூர்க் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். அங்கே வாங்கும் பழைய வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என மொத்தம் 9 விழுக்காடு ஆகும். 50 லட்ச ரூபாய் வீடென்றால் நாலரை லட்சம், அதுவும் பெரும்பாலும் வங்கிக் கடனில் சேராமல் கையிலிருந்தே போகும்.

தவிர, இரண்டு குறைகளை ஒரே வீட்டின் தலையில் கட்டியிருக்கிறீர்கள். மகளுக்குத் தாழிட்டுக்கொண்டு படிக்க ஓர் அறை இல்லை என்பது ஒன்று. சூளகிரி வழியாக நாள்தோறும் சுமார் நூறு கிலோமீட்டர் அலைகிறீர்கள் என்பது இன்னொன்று. முன்னதற்கு மாடியில் ஓர் அறையும் கழிப்பறையும் போதும். அஸ்திவாரம் தாங்குமா என்பதை மேஸ்திரியின் வாய்ச்சொல்லோடு விடாமல் பொறியாளரை வைத்துப் பார்த்துவிடுங்கள். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டுவதற்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுவதாக விண்ணப்பதாரரே சான்றளிப்பது) இணையவழியே அனுமதி கிடைக்கிறது. பின்னதற்கு, பொதுத்தேர்வு முடிந்த பிறகு ஓசூரில் ஓராண்டு வாடகைக்கு இருந்து பார்க்கலாம். தேர்வு ஆண்டில் பிள்ளையைப் பள்ளி மாற்றும் பேச்சே வேண்டாம்.

என் யோசனை, மாடி கட்டுங்கள் என்பதே. அதற்குக் கடன் கேட்டாலும் வங்கி பட்டாவைத்தான் முதலில் கேட்கும். வாரிசுச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டு, அம்மாவையும் அழைத்துக்கொண்டு பாலக்கோட்டுக்குப் போய் வாருங்கள். அம்மாவின் விருப்பம் என்ன என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. அக்கா தன் பங்கை மனமுவந்து விட்டுக்கொடுத்தால், அதற்கான விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்துகொள்ளுங்கள். மறுத்தால் அது அவர் உரிமை, அவர் பங்குக்கு விலை பேசுங்கள்.