குடித்துவிட்டு ஓட்டி இரண்டாவது முறையும் பிடிபட்டால் லைசன்ஸைத் திரும்ப எடுக்கலாமா?

அண்ணன் உப்புவெளிப் பக்கம் ஆட்டோ ஓட்டுகிறார், இரண்டாவது தடவையும் வெறியில் பிடிபட்டு லைசன்ஸ் போய்விட்டது, இனி என்ன வழி என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி.

முதலில் நீதவான் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதியை எடுங்கள். இடைநிறுத்தமா, இரத்தா? எந்தத் திகதியிலிருந்து எவ்வளவு காலம்? எல்லாமே இதில்தான் தொங்குகிறது, ஆனால் பலபேர் தண்டப்பணம் கட்டிய துண்டை மட்டும் பொக்கெட்டில் வைத்துக்கொண்டு அலைவார்கள். இடைநிறுத்தம் என்றால் காலம் முடியும்வரை பொறுக்கத்தான் வேண்டும். இரத்து என்றால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மருத்துவச் சான்றிதழிலிருந்து திரும்பத் தொடங்குகிற கதை.

நீதவான் தீர்ப்புக்கு எதிராக மேல் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்ய 14 நாள்தான் அவகாசம். குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தக் கதவும் பெரும்பாலும் அடைபட்டுவிடும், ஒரு சட்டத்தரணியிடம் உடனே காட்டுங்கள்.

'இரண்டு போத்தல் பியர்தானே' என்ற கதை நீதிமன்றத்தில் எடுபடாது. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் மதுசாரம், அதுதான் இலங்கைச் சட்டத்தின் எல்லை. இரண்டாம் தடவை என்றால் பழைய வழக்கையும் பொலிஸ் தூக்கிக்கொண்டு வரும்.

அப்புறம், தடைக்காலத்தில் 'கன்னியா வரைக்கும் ஒரு ஹயர்தானே' என்று கிளம்ப விடாதீர்கள், அது தனிக் குற்றம், விபத்து நடந்தால் காப்புறுதியும் கைவிரிக்கும். காசு தந்தால் கொழும்பில் முடித்துத் தருகிறேன் என்கிற புரோக்கர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஆட்டோ சொந்தமென்றால் அதுவரை லைசன்ஸ் உள்ள ஒருவரிடம் நாள் வாடகைக்குக் கொடுக்கலாம், லீசிங் கட்டுகிறவருக்கு அதுதான் இப்போது அவசரம்.